நம்முள் குடியிருப்போர்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாசலுக்கு முதல் பேருந்துகள் வந்து சேரும்போது பொழுது இன்னும் சரியாக விடிந்திருக்காது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள் இறங்கி, ஓ.பி. சீட்டு வரிசையை நோக்கி நடப்பார்கள். அவர்களில் யாரோ ஒருவரின் மஞ்சள் பைக்குள், செய்தித்தாளில் சுற்றிய சிறு பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். திருகுமூடி போட்டது, மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் பெயர், வயது, எண். உள்ளே இருப்பது மலம். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். உடம்பு வேண்டாமென்று தள்ளியதைப் பிறர் பார்க்கச் சுமக்க நம்மில் யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்த டப்பாவில் மருத்துவர்கள் வழக்கமாகத் தேடுவது கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் புழு முட்டைகளையும்தான். ஆனால் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அதே பொருளிடம் இப்போது வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள். இந்த மனிதருக்குள் எந்தெந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, அவற்றின் சேர்க்கை எப்படி மாறியிருக்கிறது, அந்த மாற்றம் நாளை வரக்கூடிய புற்றுநோயை இன்றே உணர்த்துமா என்பது அந்தக் கேள்வி. மலத்தோடு நிற்கவில்லை, உமிழ்நீரிடமும் இதையே கேட்கிறார்கள். நோய் வந்துவிட்டதா என்று கேட்பது மருத்துவத்தின் பழைய வழக்கம். வருமா என்று கேட்பது, அதுவும் நம்முடையதல்லாத உயிர்களை விசாரித்துக் கேட்பது, புதிய வழக்கம். கேட்கப்படுவது ஒருவரைப் பற்றி. பதில் சொல்வதோ அவருக்குள் குடியிருப்போர்.

அவர்கள் எத்தனை பேர்? எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் அவருடைய சொந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்று 2016-இல் ஒரு கணக்கு வெளியானது. அத்தனையையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோவைத் தொடாது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நுண்ணுயிர்கள் நம்மைவிடப் பத்து மடங்கு என்று பாடநூல்களிலேயே எழுதிவந்தார்கள். யாரோ போகிற போக்கில் போட்ட கணக்கை எல்லோரும் திருப்பிச் சொன்னதால் வந்த பிழை அது. பத்து மடங்கோ சரிபாதியோ, நாம் சிந்திக்க வேண்டிய செய்தி மாறவில்லை. ‘நான்’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறபோது, அந்தச் சொல்லுக்குள் அடங்காதவை நமக்குள்ளேயே பாதிக்குப் பாதி இருக்கின்றன.

புதுச்சேரி இந்தச் சிந்தனைக்குப் பொருத்தமான ஊர். இன்றைய ஜிப்மரின் வேர் 1823-இல் பிரெஞ்சு அரசு இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி. அந்த ஆண்டு லூயி பாஸ்டர் பிரான்சில் கைக்குழந்தை. 1822 டிசம்பர் கடைசியில் பிறந்தவர். நோய் என்பது கெட்ட காற்றால் வருவது என்று அன்று அந்தப் பள்ளியில் கற்பித்திருப்பார்கள். பாஸ்டர் வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களே நோய்க்குக் காரணம் என்று நிறுவிய பிறகு, மருத்துவம் முழுவதும் அவற்றைப் பகைவராகவே எண்ணப் பழகியது. அந்தப் பழக்கத்தால் காலராவிலிருந்தும் பிற தொற்றுகளிலிருந்தும் பிழைத்த கோடிக்கணக்கான உயிர்களுள் நம் தாத்தா பாட்டிமார்களும் உண்டு. நன்றியோடு நினைக்க வேண்டிய வரலாறு அது. பாஸ்டர் நிறுவனத்திலேயே பணியாற்றிய மெச்னிகோவ் மட்டும், புளித்த பாலிலுள்ள பாக்டீரியாக்கள் குடலுக்கு நன்மை செய்து ஆயுளை நீட்டும் என்று நம்பினார். தயிர்சோறு உண்கிற நமக்கு அது விந்தையாகத் தோன்றாது. இதே புதுச்சேரியில், இந்திரா நகரிலுள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையத்தில், கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து மனிதனுக்குத் துணையாக்கினார்கள். இங்கே ஆசிரமத்தில் வாழ்ந்த அன்னையோ, தம் இறுதிக் காலத்தில், உடலின் ஒவ்வொரு அணுவுக்கும் உரிய உணர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதை ஆய்வுக்கூடத்தின் மொழியோடு கலக்க வேண்டியதில்லை. ஆனாலும், உடல் ஒற்றைப் பொருளன்று என்ற எண்ணம் இந்த ஊருக்கு அந்நியமானதன்று.

பாக்டீரியாவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் முதலில் உறுதியாக அறிந்தது இரைப்பையில். அமிலம் சுரக்கும் அந்த இடத்தில் எந்தப் பாக்டீரியாவும் வாழாது என்று நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரியை அங்கே கண்டார்கள். பிறர் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தப் பாக்டீரியா கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இவ்வளவும் பலர் அறிந்த கதை.

நம் மண்ணில் அந்தக் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. இந்தியப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தப் பாக்டீரியாவைச் சுமக்கிறார்கள். அப்படியானால் இரைப்பைப் புற்றுநோய் இங்கே பெருகிக் கிடக்க வேண்டும். நாட்டை மொத்தமாகப் பார்த்தால் அப்படி இல்லை. ஜப்பானையும் கொரியாவையும்விட மிகக் குறைவு. மருத்துவ நூல்கள் இதை ஒரு புதிராகவே குறித்து வைத்திருக்கின்றன. அந்தப் புதிருக்குள் இன்னொரு புதிர்: வடக்கைவிடத் தெற்கில் இந்த நோய் கூடுதல். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கப்படும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நெடுங்காலம் முதலிடத்தில் நின்றது இரைப்பைப் புற்றுநோய்தான். பாக்டீரியா ஒன்றே, சுமப்பவர் கோடி, நோயுறுவோர் சிலர். உப்பு, ஊறுகாய், கருவாடு, புகையிலை, மரபு, வறுமை என்று ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது. எந்த ஒன்றும் தனியே விடை தருவதில்லை.

இதைத்தான் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஒரு நுண்ணுயிர் உள்ளே இருக்கிறது என்பது சாட்சியம், தீர்ப்பாகாது.

பெருங்குடலில் இப்போது நடக்கும் ஆய்வுகள் இந்தச் சாட்சியத்தை இன்னும் பின்னோக்கி இழுத்துச் செல்கின்றன. வாயில் பல் ஈறுகளை அண்டி வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளுக்குள் மிகுந்திருப்பதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. ஈ.கோலி பாக்டீரியாவில் ஒரு வகை, கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரந்து குடல் அணுக்களின் டி.என்.ஏ.வைக் காயப்படுத்துகிறது. அந்தக் காயத்துக்குத் தனி அடையாளம் உண்டு. பாக்டீரியா மறைந்த பிறகும் அணுவின் மரபுச் சுவடியில் அது அழியாமல் நிற்கும். 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, நாற்பது வயதுக்குள் நோயுற்றவர்களிடம் இந்தக் காயம், எழுபதைக் கடந்தவர்களிடம் உள்ளதைப்போல 3.3 மடங்கு காணப்படுவதாகச் சொல்கிறது. அந்தக் காயம் பட்ட பருவம் பெரும்பாலும் வாழ்வின் முதல் பத்து ஆண்டுகள் என்றும் அது கணிக்கிறது.

முப்பத்தைந்து வயதில் ஒருவரைப் படுக்கையில் தள்ளும் நோயின் முதல் எழுத்து, அவர் பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், அவரும் அறியாமல், பெற்றவரும் அறியாமல் எழுதப்பட்டிருக்கலாம் என்பது இதன் பொருள். இதை வாசித்துவிட்டு அமைதியாக இருக்க முடியவில்லை. நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் ஊழ் என்றிருப்பார்கள். ஆனால் ஊழுக்குத் தேதி கிடையாது, இடம் கிடையாது, நிறுத்தக்கூடிய கணமும் கிடையாது. இதற்கு அவை மூன்றும் உண்டு; அதனால்தான் இது நம் பொறுப்பாகிறது.

பொறுப்பு என்று வந்ததும் பொறுமையும் வேண்டியதாகிறது. 2020-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரத்தத்திலும் கட்டியிலும் உள்ள நுண்ணுயிர்த் தடயங்களைக் கொண்டே 33 வகைப் புற்றுநோய்களைப் பிரித்தறியலாம் என்றது. உலகமே மகிழ்ந்தது, நூற்றுக்கணக்கானோர் அதன்மேல் தங்கள் ஆய்வுகளை எழுப்பினார்கள். பிறகு வேறு சிலர் அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது, மனித டி.என்.ஏ.வையே பாக்டீரியா என்று தவறாக வாசித்திருந்தது தெரிந்தது. கடற்பாசியில் வாழும் பாக்டீரியாவும் இறாலைத் தாக்கும் வைரஸும் மனிதப் புற்றுநோயின் அடையாளங்களாக அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 2024 ஜூனில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அறிவியலுக்கு இதனால் இழுக்கில்லை. தன் பிழையைத் தானே அழிக்கிற துறை அது ஒன்றுதான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் அதை நம்பி ஒருவர் தம் இரத்தத்தைக் கொடுத்து, வராத நோய்க்காக இரவெல்லாம் விழித்திருந்தால், அந்த விழிப்பை எந்த இதழும் திரும்பப் பெற்றுத் தர முடியாது.

இன்னொரு தடையும் நம் முன்னால் இருக்கிறது. போபாலிலுள்ள ஐசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் இந்தியப் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது, பிளேவனிஃப்ராக்டர் பிளாட்டி என்ற பாக்டீரியா அவர்களிடம் மிகுந்திருந்தது. பிற நாட்டு நோயாளிகளிடம் காணப்பட்ட பாக்டீரியாக்களோடு நில்லாமல் இது தனியே தலைதூக்கியிருந்தது. காய்கனிகளிலும் தேநீரிலும் உள்ள நல்ல சத்துகளைச் சிதைப்பது அதன் இயல்பு. அரிசியும் பருப்பும் மோரும் உண்டு வளர்ந்த ஒரு குடலை, ரொட்டியும் இறைச்சியும் உண்டு வளர்ந்த குடலின் அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? தொலைவில் செய்த கருவியை நாளை புதுச்சேரியில் விற்கிறவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. நம் நோயாளிகளின் டப்பாக்களிலிருந்து, நம் மருத்துவமனைகளில், நம் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்க்கும் பதிவுகள் இல்லாமல் அந்த விடை பிறக்காது.

சரி, நம்பத்தக்க ஒரு பரிசோதனை ஒருநாள் வந்தே விடுகிறது என்று கொள்வோம். அது ஒரு தாளில் ஒரு எண்ணைத் தரும். அந்த எண்ணை நாம் என்ன செய்வோம்?

நம் குடும்பங்களில் புற்றுநோய் எப்படி அறிவிக்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். மகன் மருத்துவரின் அறைக்குள் தனியே திரும்பி வந்து, “அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்” என்பான். அப்பாவுக்கு ‘வயிற்றுப் புண்’ என்று சொல்லப்படும். அவரும் தெரிந்துகொண்டே தெரியாதவராக இருப்பார். அன்பின் பெயரால் நடக்கும் இந்த மறைப்பைக் கடிந்துபேச எனக்கு மனமில்லை. அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் வந்துவிட்ட நோயைச் சொல்லவே இத்தனை தயங்கும் நாம், வரக்கூடும் என்ற சேதியை எப்படிச் சுமக்கப் போகிறோம்? பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் அந்தத் தாள் எந்தப் பெட்டியின் அடியில் போய் ஒளியும்? நோய் வந்தவரை நோக்கி, குடித்தாயா, புகைத்தாயா, கண்டதைத் தின்றாயா என்று கேட்கப் பழகிய நம் நாக்கு, அபாயம் இருப்பவரையும் இனி அதே கேள்விகளால் குத்துமா?

இங்கேதான் நுண்ணுயிர்கள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. அதைக் கேட்டு முடித்தால் நம் விரல் யார்மேலும் நீளாது. ஹெலிகோபாக்டர் ஒருவருக்குப் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ உடன்பிறந்தவரிடமிருந்தோ வருகிறது. அந்தத் தாய்க்கு அவள் தாயிடமிருந்து வந்தது. இப்படியே பின்னோக்கிப் போனால், ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே அது அவர்களின் வயிற்றில் உடன் புறப்பட்டது என்று அதன் மரபணுக்களே காட்டுகின்றன. தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை நிறைய இருக்கிறது. குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. அது குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவு. பெற்ற பிள்ளைக்குப் பாலூட்டுகிற அதே நேரத்தில், பெயர் தெரியாத கோடி உயிர்களுக்கும் தாய் பங்கு வைக்கிறாள். குடித்த தண்ணீர், வீட்டில் எத்தனை பேர் ஒரே அறையில் படுத்தார்கள் என்பது, கழிப்பறை இருந்ததா என்பது, காய்ச்சல் வந்தபோதெல்லாம் யார் எந்த மருந்தை எவ்வளவு கொடுத்தார்கள் என்பது, பள்ளியில் போட்ட சோறு: இவை யாவும் சேர்ந்து ஒருவருக்குள் ஒரு குடியிருப்பை உருவாக்குகின்றன. அவர் தாமாகத் தேர்ந்தது அதில் மிகச் சிறிது. எனவே, ஒருவருடைய பெயர் போட்ட தாளில் ஓர் அபாயம் எழுதப்படும்போது, அது அவர் உடலில் படிக்கப்பட்டதே தவிர அவர் உடலில் தொடங்கியதன்று. அவர் வீட்டிலும் தெருவிலும் குளத்திலும், அவருக்கு முன் வாழ்ந்தவர்களின் பசியிலும் தொடங்கி, அவரிடம் வந்து வெளிப்படுகிறது. தனியொருவர் மட்டும் வெட்கப்படவோ தனியொருவர் மட்டும் அஞ்சவோ அதில் ஏதுமில்லை. அஞ்ச வேண்டுமானால் நாம் எல்லோரும் சேர்ந்துதான் அஞ்ச வேண்டும், செயல்பட வேண்டுமானாலும் அப்படியே.

எல்லோரும் சேர்ந்து செயல்படுவது வெறும் ஆசை என்று ஒதுக்க வேண்டாம். தைவானுக்கு உரிய மாட்சு தீவுகளில் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்தது. 2004 முதல் அங்கே நோயாளி, நோயில்லாதவர் என்று பாராமல் தீவிலுள்ள முப்பது வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்து, பாக்டீரியா இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் அந்நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கடைக்குக் கடை ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் நம் பழக்கத்தால் இங்குள்ள பாக்டீரியாக்கள் பல மருந்துகளுக்குப் பணிய மறுக்கின்றன. கோடிக்கணக்கானோருக்கு மேலும் மருந்து கொடுத்தால் அந்த எதிர்ப்பு இன்னும் வலுக்கும். 1968-லேயே வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நோய்ப் பரிசோதனை நெறிகளில் ஒன்று இது: கண்டறிந்த பிறகு அளிக்க ஏற்ற சிகிச்சை கையில் இருக்க வேண்டும். வழி இல்லாதவரிடம் அபாயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொடுமை.

அந்த நெறியின்படி நடந்து காட்டிய இடம் தொலைவில் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு தொடங்கி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வைரஸ் தொற்று நெடுங்காலம் தங்கிப் புற்றுநோயாக மாறும் நோய் அது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் காடி போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்த்து, அந்த இடம் வெளுத்தால் உறைகுளிர் சிகிச்சையையும் தாங்களே செய்தார்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. கண்டுபிடித்தவரிடமே தீர்வும் இருந்தது. ‘இன்னொரு நாள், இன்னொரு ஊருக்குப் போங்கள்’ என்று அனுப்பும் தேவை பெரும்பாலும் எழவில்லை. ஏழு ஆண்டுகளில், பரிசோதனை நடந்த ஊர்களில் அந்நோயால் வரும் சாவு, நடக்காத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது.

அந்த எண்ணுக்குள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. களையெடுப்பு வேலை இருந்திருக்கும், கணவர் வேண்டாமென்றிருப்பார், கூச்சமாக இருந்திருக்கும். வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்குப் பார்த்திருந்தால் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கக்கூடும். ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. வராதவர்களையும் அந்தந்த ஊரின் பெண்களாகவே சேர்த்து எண்ணி, அதன் பிறகே 35 என்றார்கள். நுண்ணுயிர்களைக் கொண்டு அபாயத்தை அளக்கும் பரிசோதனை எதுவாக இருந்தாலும், அது புதுச்சேரிக்கு வரும் நாளில், பணம் கட்டி வந்து நின்றவர்களின் எண்ணிக்கையை வைத்து அதை மதிப்பிடாமல், முத்தியால்பேட்டையிலும் வீராம்பட்டினத்திலும் வராமல் வீட்டிலிருப்போரையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அம்பிளிக்கை ஆய்வாளர்கள் எண்ணிய விதம் அது.